இடியும் மாமியார் பெட்டியும்

அந்தப் பெண் மன்றத்துக்கு முதன்முதலாக வந்த சாயங்காலம், கச்சேரி முடிந்து டிரம்ஸையெல்லாம் கழற்றி மூட்டை கட்டிய பிறகு, கதவோரம் உட்கார்ந்திருந்த காவல்கார அக்காவின் மடியில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். அக்கா பிரித்துப் பார்த்தாள். உள்ளே சுத்தமான பஞ்சு. காதுக்கு அடங்குகிற மாதிரி உருட்டி, நுனியில் லேசாக மெழுகு தடவியிருந்தது.

அன்றைக்கு முழுக்க அக்கா ஒரு கையால் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு இன்னொரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். கூடம் நிறைய ஜனம் இருந்தும் அதைக் கவனித்தது மேடையின் கடைசியில், வேர்த்து விறுவிறுத்து டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த இவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு எந்தக் கச்சேரி என்றாலும் அக்காவின் நாற்காலியில் பொட்டலம் இருக்கும். வைத்தவள் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

எல்லோரும் அவளை இடி என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி, உதறி, தள்ளுவண்டியில் போடுகிற வேலை. ஈரத் துணி கனம் தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். அதனால் அவள் கை, உலக்கை பிடித்த கை மாதிரி இறுகிப் போயிருந்தது. வீட்டில் அம்மாவும் ஓர் அண்ணனும்.

"பகலெல்லாம் துணியோட மல்லுக்கட்டிட்டு வர்ற, சாயங்காலமாவது கையை மடக்கி வச்சுக்கிட்டு உட்காரக் கூடாதாடி?" என்பாள் அம்மா.

"விடும்மா, பாத்திரத்தைத் தட்டினாலாவது ஈயம் பூச ஆள் கூப்பிடுவாங்க. இவ தோலைத் தட்டுறா. யார் கூப்பிடப் போறாங்க?" என்பான் அண்ணன்.

"உன் முதுகுத் தோலைத் தட்டவா? அதுக்கு ஊரே கூப்பிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் இடி.

மன்றம் என்றால் பெரிய மண்டபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் டயர் அடுக்கி வைத்திருந்த கிடங்கு. மழை நாளில் இன்னும் ரப்பர் வாடை அடிக்கும். ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, ஒரு முனையில் முழங்கால் உயரத்துக்கு மேடை போட்டிருந்தார் முதலாளி. பேர் பெற்ற பாட்டுக்காரர்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தமாக வாத்தியம் தூக்கி வந்து, பாடி முடித்து, சொந்தமாகக் கூட்டியும் விட்டுப் போகிற இளசுகள்தான் வரும். சிலது பங்க் இசை என்று கத்தும். சிலது எலக்ட்ரோ பாப் என்று சொல்லிக்கொண்டு பொத்தான்களைத் தட்டும்.

அக்கா தினமும் கதவைத் திறக்கும்போது நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டு, "இன்னிக்கு வர்ற பிள்ளைங்க சண்டை சச்சரவு இல்லாம வீடு போய்ச் சேரணும் கடவுளே" என்று வேண்டிக்கொண்டுதான் விளக்கைப் போடுவாள். ஆரம்பத்தில் அவளுக்கு இதெல்லாம் பாட்டாகவே படவில்லை, பேய் ஓட்டுகிற சத்தமாகத்தான் பட்டது. பிறகு காதில் பஞ்சு வந்தது. பஞ்சு வந்த பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், பாட்டு கேட்க ஆரம்பித்தது. சத்தத்தின் கூர் போய்விட்டால் பாட்டுக்குள்ளே இருக்கிற அழுகை கேட்கும் போலிருக்கிறது.

இன்னொன்றையும் அக்கா கவனித்தாள். முதலில் மேடையேறுகிற குழுவுக்கு யாரும் கூடத்துக்குள் வர மாட்டார்கள். வாசலில் நின்று டீ குடிப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்துப் பாடுவது எத்தனை கொடுமை! இடி மட்டும், அவளுடைய குழு கடைசியில் வாசிப்பதாக இருந்தாலும், முதல் குழுவுக்கே வந்து மேடையை ஒட்டி நிற்பாள். பாட்டு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்பாள்.

"அந்தப் பையன் பாட்டு ஒண்ணுமே புரியலையே, ஏன் நின்னு தொலைக்கிற?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"ரெக்கார்டுல கேட்டா எனக்கும் புரியாதுக்கா. நேர்ல பாருங்க. பாட்டை மறந்துட்டு முழிக்கிறான் பாருங்க, அந்த முழியும் சேர்ந்துதான் பாட்டு. வீட்ல கேக்குறது போட்டோல சோறு பாக்குற மாதிரி. பசி ஆறாது."

அப்படித்தான் அக்காவுக்கும் பிடித்தவை என்று சில குழுக்கள் சேர்ந்துகொண்டன. ஈரக் குடை என்று ஒருவன், தனி ஆள். பிள்ளைகள் விளையாடுகிற குட்டிக் கீபோர்டுகளை இஸ்திரி மேசை மேல் பரப்பிக்கொண்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டியே பாடுவான். கூச்சம். கடைசிப் பாட்டில் மட்டும் திரும்புவான். அந்த ஒரு திரும்பலுக்காகவே அவனைப் பார்க்கலாம். பல்வலி என்று மூன்று பெண்கள். பேருக்கு ஏற்ற கூச்சல். நடுப்பாட்டில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வார்கள், அதுவும் தாளத்தோடு விழும்.

இடியின் குழுவுக்குக் கதவடைப்பு என்று பேர். மூன்றே பேர். கித்தார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் நெட்டை. கீபோர்டுக்காரன் ஒருவன், வாயில்லாப் பூச்சி. பிறகு இடி. நெட்டையின் பாட்டு சுமார்தான், அக்காவே சொல்வாள். ஆனால் இடி கையை ஓங்கினால் போதும், வாசலில் டீ குடிக்கிறவன் கிளாஸோடு உள்ளே வந்துவிடுவான். தரை வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும் அந்த அடி. "பார்க்க வேண்டிய குழு" என்று ஊரில் நாலு பேர் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் வந்து சேர்ந்தாள்.

மாமியார் என்பது ஒரு பெட்டி. பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று எழுதிப் போட, நகர அலுவலகத்திலிருந்து வந்து மேடைக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். சத்தம் அளவோடு இருந்தால் பச்சை விளக்கு. ஏறினால் மஞ்சள். ரொம்ப ஏறினால் சிவப்பு. சிவப்பு கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் மேடைக்குப் போகிற மின்சாரத்தையே பெட்டி துண்டித்துவிடும். கித்தார் ஊமை, மைக் ஊமை, கீபோர்டு ஊமை. பிறகு அக்கா போய்ச் சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும். அதன் அடியில் சின்னதாக ஒரு துளை. அதுதான் பெட்டிக்குக் காது.

"எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்கு, வாயைத் திறந்தா மூஞ்சி சிவக்குது, மீறிப் பேசினா சோத்துல கை வைக்குது. சரியான மாமியார்தான்" என்றாள் பல்வலிப் பெண்களில் ஒருத்தி. பேர் ஒட்டிக்கொண்டது.

முதலாளி அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பெட்டி மேல யார் கை வச்சாலும் அன்னிக்கே வெளிய. நீயா இருந்தாலும் சரி."

மற்ற குழுக்கள் எப்படியோ சத்தத் திருகைக் குறைத்துச் சமாளித்துக்கொண்டன. கதவடைப்புக்குத்தான் முடியவில்லை. கித்தாரைக் குறைக்கலாம், கீபோர்டைக் குறைக்கலாம். டிரம்ஸுக்கு ஏது திருகு? இடி பாட்டுக்குப் பாட்டு அடிப்பாள், மாமியார் முகம் சிவக்கும், பொட்டென்று எல்லாம் அடங்கும். மின்சாரம் வேண்டாத டிரம்ஸ் மட்டும் தனியாகக் கேட்கும், கல்யாண வீட்டில் சோறு தீர்ந்த பிறகும் இலை போட்டு உட்கார்ந்திருப்பவன் மாதிரி. ஜனம் சிரிக்கும். நெட்டை மைக்கை எறிவான். அக்கா சாவியோடு ஓடுவாள். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அடங்கும். பார்க்கிறவர்களுக்கே சலித்துவிட்டது.

"என்னடி உனக்கு? கொஞ்சம் மெதுவா அடிச்சா கை தேஞ்சா போயிடும்?" என்று நெட்டை எல்லார் முன்னாலும் கத்தினான்.

"மெதுவாத்தான் அடிச்சேன்."

"இதுவா மெதுவா? செத்தவன் எந்திரிச்சு உட்காருவான்."

"நல்லதுதானே, டிக்கெட் எடுத்துட்டு உட்காரட்டும்."

ஜனம் சிரித்தது, நெட்டை சிரிக்கவில்லை.

சில நாளில் ஒரு சேதி வந்தது. பெரிய மைதானத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பகல் முழுக்கத் திறந்தவெளிக் கச்சேரி நடக்கும். அதற்குப் புதுக் குழுக்களைப் பொறுக்குகிற கண்ணாடிக்காரம்மா மன்றத்துக்கு வரப் போகிறாள். அந்தம்மா ரெக்கார்டு கேட்டு ஆள் எடுக்க மாட்டாள். நேரில் வந்து பார்ப்பாள், ஒரே ஒரு தடவைதான் பார்ப்பாள்.

நெட்டை, கீபோர்டுக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். கூட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு அத்தனையும் கேட்டது.

"இங்க பாரு. அன்னிக்கு ஒரு தடவை கரண்ட் போச்சுன்னாலும் அதோட சரி. இவன் லேப்டாப்புலயே டிரம்ஸ் இருக்கு. தட்டி விட்டா அதுபாட்டுக்கு அடிக்கும். திருகைக் குறைச்சா குறையும்."

"ஏண்டா, அது இத்தனை நாள் இல்லையா?"

"இருந்துச்சு. நீயும் இருந்த."

"போகலைன்னா?"

"போகலைன்னா உன் எடம் உனக்கு."

கீபோர்டுக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயில்லாப் பூச்சி என்று சொன்னேனே.

அந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகும் முன் இடி மன்றத்துக்கு வந்தாள். அக்கா கதவைத் திறந்துவிடுவாள். டிரம் தோல் மேல் பழைய துண்டுகளைப் போட்டு, கட்டைக் குச்சியை விட்டுவிட்டு மெல்லிய குச்சி பிடித்து, கழுத்தைத் திருப்பி மாமியாரையே பார்த்துக்கொண்டு அடிப்பாள். மஞ்சள் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவாள். மறுபடி ஆரம்பிப்பாள். ஓங்கிய கை பாதியில் தயங்கும், தயங்கி மெல்ல இறங்கும். வாரக் கடைசியில் துண்டே இல்லாமல் பச்சையிலேயே பாட்டை முடித்துவிட்டாள். முடித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா, நல்லாத்தானே வந்துச்சு?" என்றாள் அக்கா.

"நல்லா வந்துச்சுக்கா. சீக்காளி மாதிரி நல்லா வந்துச்சு."

கழுத்து அப்படியே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது அவளுக்கு. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள், "என்ன, யாரையாவது எதிர்பார்த்துக்கிட்டே இருக்கியா?" என்று கேலி செய்தார்களாம்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அன்று இரவு கும்பிடும்போது பிள்ளைகளைப் பற்றி வேண்ட வந்த வாய், இந்த ஒருத்தியிலேயே நின்றுவிட்டது. கடவுள் கொடுத்த கைவலிமையை ஒரு பெட்டிக்குப் பயந்து ஒளித்துவைக்கச் சொல்வது என்ன நியாயம்? ஒரே ஒரு சாயங்காலம் அந்தப் பெட்டி செவிடாக இருந்தால் யாருக்கு என்ன கேடு?

கண்ணாடிக்காரம்மா வருகிற நாள் வந்தது. மத்தியானம் ஒவ்வொரு குழுவாகச் சத்தம் சரிபார்த்துவிட்டு டீ குடிக்க வெளியே போனார்கள். அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அன்றைய பொட்டலத்தை எடுத்து, தன் காதுக்கு என்று இடி உருட்டித் தந்த பஞ்சை மாமியாரின் காதில் வைத்து அழுத்தினாள். இறங்கி, "தப்புன்னா என்னை மட்டும் கேளு" என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

இடியிடம் சொல்லலாமா என்று நினைக்காமல் இல்லை. ஆனால் நாளைக்கு முதலாளி கூப்பிட்டு விசாரித்தால் அந்தப் பெண் பொய் சொல்ல வேண்டிவரும். தான் பாவம் செய்தால் தன்னோடு போகட்டும், இன்னொருத்தி வாயில் பொய்யை வைப்பது எதற்கு? தவிர, அடிக்க அடிக்க விளக்கு பச்சையாகவே நிற்பதைப் பார்த்தால் தானாகத் தைரியம் வந்துவிடாதா? அப்படித்தான் நினைத்தாள் அந்த நல்ல மனுஷி.

முதலில் ஈரக் குடை. அவன் சத்தம் எப்போதும் கொசு சத்தம்தான், விளக்கு பச்சையாகவே இருந்தது. இடி மேடையை ஒட்டி நின்று கேட்டாள். கண்ணாடிக்காரம்மா ஒல்லியாக, வெளியூர்ப் பயணக் களைப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள். கடைசிப் பாட்டில் பையன் திரும்பியபோது லேசாகச் சிரித்தாள். "பரவாயில்லை, ரசனை இருக்கு" என்று அக்கா மனசுக்குள் மதிப்பெண் போட்டாள்.

அடுத்தது கதவடைப்பு. நெட்டை ஏறினான், இடி உட்கார்ந்தாள். அக்கா கைகளைக் கோத்துக்கொண்டாள். இதோ, இப்போது, கையை ஓங்கப் போகிறாள்.

ஓங்கவில்லை.

இடியின் கழுத்து மாமியார் பக்கம் திரும்பியது. கண் பச்சை விளக்கில் குத்திட்டு நின்றது. ஒரு வாரம் பழகின அதே தயங்கின அடி. சூடு கண்ட பூனை அடுப்பு அணைந்திருக்கிறதா என்று தொட்டா பார்க்கும்? விளக்கு பச்சையாக நிற்க நிற்க, தான் சரியாக அடிக்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். அதே அளவில் இன்னும் கவனமாக அடித்தாள்.

"அடிடி, அடிடி" என்று அக்கா உதட்டுக்குள் முனகினாள். நாற்காலியை விட்டு எழுந்து, கையைத் தூக்கி ஓங்கிக் காட்டினாள். இடி பார்த்தால்தானே? அவள் கண்ணுக்கு உலகத்திலேயே ஒரு பச்சைப் புள்ளிதான் இருந்தது. எழுந்து ஓடிப்போய்க் காதில் சொல்லிவிடலாம் என்றால், முதலாளி கைகட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார். வாசலில் இருந்த ஜனம் வாசலிலேயே இருந்தது. யாரும் கிளாஸோடு உள்ளே வரவில்லை.

பாட்டு முடிந்தது. கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. நெட்டை வேகமாக இறங்கிக் கண்ணாடிக்காரம்மாவிடம் போனான்.

"ஒழுங்கா வாசிக்கிறீங்க. ஒழுங்கா இருக்குறதைக் கேக்க நான் ஏன் இவ்வளவு தூரம் வரணும், வீட்லயே கேட்டுக்குவேனே? உங்களை நேர்ல பாக்கணும்னு சொன்னாங்க. பாக்க ஒண்ணும் இல்லையே தம்பி" என்றாள் அந்தம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நெட்டை திரும்பி வந்தான். "பிள்ளையைத் தூங்க வைக்கவா வந்த? தட்டிக் கொடுத்துக்கிட்டு இருக்க!"

"நீதானே மெதுவா அடிக்கச் சொன்ன?"

"மெதுவான்னா இவ்வளவு மெதுவாவா?"

"அடிச்சாலும் குத்தம், அடிக்காட்டியும் குத்தம். ஒண்ணு பண்ணு, என் கையை வெட்டி லேப்டாப்புல ஒட்டிக்க."

அவன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். கீபோர்டுக்காரனும் பின்னாலேயே போனான்.

அடுத்து பல்வலி ஏறியது. வேறு யாராக இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில், மேடையை ஒட்டி நின்றாள். அந்தப் பெண்களுக்கு மாமியாராவது மாமனாராவது! எடுத்த எடுப்பிலேயே தொண்டை கிழியக் கத்தினார்கள். வாசலில் இருந்த ஜனம் கிளாஸோடு உள்ளே வந்தது. கண்ணாடிக்காரம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தாள்.

இடி குதித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்துக்கு எந்நேரமும் கரண்ட் போகும், தோழிகள் மாட்டிக்கொள்வார்கள் என்று பயந்து, பழக்கத்தில் கழுத்தைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள்.

பச்சை.

குதிப்பது நின்றது. மறுபடி பார்த்தாள். கூடமே அதிர்கிறது, பெட்டி பச்சையாகச் சிரிக்கிறது. அவள் கண் மெதுவாக இறங்கி, கூட்டத்தைத் தாண்டி, கதவோரம் வந்து நின்றது. அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு இடி மேடைப் பக்கம் திரும்பி, பாட்டு முடிகிற வரைக்கும் நின்றாள். கண்ணாடிக்காரம்மா பல்வலியைத் திறந்தவெளிக் கச்சேரிக்கு அங்கேயே கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, இடியையும் இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அக்காவால் முடியவில்லை.

கூட்டம் கலைந்து, முதலாளி மின்கட்டணப் பேச்சோடு வாசலுக்கு நகர்ந்த சமயம், இடி டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளைக் கழற்றுகிற சாக்கில் ஸ்டூலை எடுத்தாள். பெட்டியடியில் கையை விட்டுப் பஞ்சை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதே நேரம் நெட்டை உள்ளே வந்தான்.

"அவளுங்க அந்தக் கத்து கத்தினாளுங்க, மாமியார் எப்படிச் சும்மா இருந்துச்சு?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். இப்போது இடி ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி செவிடு, எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் கூரையைப் பிய்த்திருப்பேன் என்று சொன்னால் நெட்டை வாயடைத்துப் போவான், அவள் இடம் அவளுக்கு. அக்காவின் வேலை போகும், அவ்வளவுதான்.

"மாமியார்னா அப்படித்தான். மருமகளுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம்" என்று சொல்லிவிட்டு இடி ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தாள்.

கரண்ட் போகவில்லை என்றாலும் நெட்டை இடியைக் கழற்றிவிட்டான்; அடுத்த கச்சேரிக்குக் கதவடைப்பு இரண்டு பேராக வந்தது. லேப்டாப் டிரம்ஸ் அடித்தது. பிசகே இல்லை, பச்சை மாறவே இல்லை. ஜனம் வாசலில் நின்று நன்றாக அரட்டை அடித்தது. அக்காவின் நாற்காலியில் மட்டும் வழக்கம்போலப் பொட்டலம் இருந்தது. இடி டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்! அன்று அக்கா பஞ்சை வைத்துக்கொள்ளவில்லை. வலிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிச் சலவை வேலை வேறு ஊருக்குக் கைமாறியது. வேலையோடு போகிறவர்கள் போகலாம் என்றார்கள். இடி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தாள். மன்றத்தின் மூலையில் கிடந்த டிரம்ஸை எடுத்துப் போக ஒரு காலை இடியும், தள்ளுவண்டியோடு அண்ணனும் வந்தார்கள். "தோலைத் தட்டினவளுக்குக் கடைசில என் கதவைத்தானே தட்டத் தோணுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான். ஆனால் பெரிய டிரம்மை வண்டியில் வைத்தபோது, தன் துண்டை மடித்து அடியில் கொடுத்தான்.

அக்கா கதவுச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சை எடுத்தாள்.

"இடியம்மா... அன்னிக்கு நான்... உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்..."

"தெரியும்க்கா."

"உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றாள் இடி. முகத்தில் கோபம் ஒரு நொடி மின்னி மறைந்தது. இல்லை என்று சொல்லி அக்காவைத் தேற்றவில்லை. மரியாதை வைத்தவர்களிடம்தான் அப்படி உள்ளதைச் சொல்ல முடியும்.

வண்டி நகர்ந்தது. நாலு எட்டு போனவள் திரும்பி வந்தாள். பையிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து அக்காவின் கையில் திணித்தாள். ரொம்ப நாளைக்கு வரும் போலிருந்தது.

"அக்கா, இனிமே இதை மாமியார் காதுல வைக்காதீங்க, உங்க காதுல வைங்க. அங்க ஒரு மன்றம் இருக்காம், பெட்டி கிட்டி ஒண்ணும் கெடையாதாம். ஒரு நாள் பஸ் ஏறி வாங்க, முன்னாடி வந்து நில்லுங்க. நான் அடிக்கிறதை நீங்க ஒருத்தராவது நேர்ல பாக்கணும்."